6 மீட்டர் வயரோடு 3 வருஷம்

பக்கத்து ஊர்ப் பள்ளி தமிழாசிரியர் நேற்று போனில் கேட்டார்: "டீச்சர், பசங்களை வெச்சு கதை வீடியோ பண்ணப் போறேன். உங்ககிட்ட இருக்கிற அந்தக் காலர் மைக்கையே வாங்கிடட்டுமா? இப்ப வயர்லெஸ்ஸே விலை இறங்கிடுச்சே." சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கம்பெனி பெயர் வேண்டாம். 3 வருஷமாக என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் புழங்குகிற வயர் மைக். கிளிப் உடைந்து, இப்போது துணி காயப்போடும் கிளிப்பில் தொங்குகிறது. போனில் செருகுகிற முனையில், அதாவது பின்னில், வயர் விட்டுப்போனதை, போன மாதம் செல்போன் கடைத் தம்பி 80 ரூபாய்க்குப் பற்றவைத்துத் தந்தார்.

என் எரிச்சலெல்லாம் அந்தப் பின்மேல்தான். போனுக்குக் கவர் போட்டிருந்தால் அது முழுசாக உள்ளே இறங்காது. போனும் மூச்சுவிடாது, பேசாமல் தன் சொந்த மைக்கில் பதிவு செய்துகொண்டிருக்கும். முதல் வருஷம் ஒரு குழு, ஏரி உடைந்த கதையை ஒரு தாத்தாவிடம் 20 நிமிடம் பதிவு செய்து வந்தது. போட்டுக் கேட்டால் தாத்தா கிணற்றுக்குள் பேசுகிறார், போன் பிடித்திருந்த பையனின் மூச்சுதான் காதோரம் கேட்கிறது. அவன் அழுதேவிட்டான். அன்றிலிருந்து முதலில் மைக்கை நகத்தால் சுரண்டிப் பதிவு செய்து, போட்டுக் கேட்ட பிறகுதான் பேச்சு. கூடவே 5 விநாடி எல்லோரும் சும்மா இருக்க வேண்டும். பிறகு ஆடாசிட்டி என்கிற, ஒலியைத் திருத்தும் சாஃப்ட்வேரில் ஃபேன் இரைச்சலைக் குறைக்க அந்த வெறும் இரைச்சல்தான் மாதிரி.

மைக் ஒன்று, குழு ஏழு. முறை வைத்து எடுக்க வேண்டியிருந்ததால் குரல் முதலில், படம் பிறகு என்று ஆனது. முன்பெல்லாம் முப்பது படம் வரைந்துவிட்டு அதற்குக் குரலை இழுப்போம். இப்போது குரலை 3 நிமிடத்துக்கு வெட்டிவிட்டு, ஏ4 தாளை மூன்று முறை மடித்தால் வரும் 8 கட்டங்களில் படம் போடுகிறார்கள். கட்டத்தின் அடியில் அந்த இடத்தில் வரும் முதல் சொல். ஒரு படம் இருபது விநாடிக்கு மேல் நிற்கும். போரடிக்கும் என்று நினைத்தேன், இல்லை. குரலோடு படத்தை ஒட்டுகிற வேலையை அவர்களே போனில் முடித்துவிடுகிறார்கள்.

நடவுப் பாட்டுப் பாடும் பாட்டி ஒருவர். எதிரே ஆறு பிள்ளைகளும் ஒரு போனும் உட்கார்ந்ததும், "எனக்கென்னடா தெரியும்" என்று வாயை மூடிக்கொண்டார். ஜன்னல் வழியாக வயரை விட்டு, போனோடு ஐந்து பேரைத் திண்ணைக்கு அனுப்பினேன். பேத்தி மட்டும் உள்ளே, பாட்டியோடு அவரைக்காய் ஆய்ந்துகொண்டு. முந்தானையில் மைக் இருப்பது பாட்டிக்குத் தெரியும். பத்து நிமிடத்தில் மறந்துவிட்டார். பாட்டு வந்தது, காய் ஒடிகிற சத்தத்தோடு. அந்த இரைச்சலைக் குறைக்க எனக்கு மனசு வரவில்லை.

வயர்லெஸ்ஸிலும் இது நடக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முந்தின ராத்திரியே சார்ஜ் போட ஞாபகம் வேண்டும். இதற்குப் போனில் செருகினால் பேட்டரிகூட வேண்டாம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு: வாங்காதீர்கள் சார். இன்று காலையும் ஒரு பதிவு போய்விட்டது. கவரைக் கழற்றாமல் செருகியது நான்தான்.