தேநீர்க் கிண்ணமா, புத்தர் சிலையா: பெட்டியைப் பார்த்து எடுத்த முடிவு

நகோயாவின் ஒசு கன்னோன் கோயில் வளாகத்தில் மாதாமாதம் 18, 28 தேதிகளில் பழம்பொருள் சந்தை கூடும். வேலைக்காக இந்த ஊருக்கு வந்து ஏழு வருடமாகிறது. அந்தத் தேதிகளில் விடுமுறை அமைந்துவிட்டால் காலை எட்டு மணிக்கெல்லாம் அங்கே நிற்பேன். ஜப்பானியப் பழம்பொருள் சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒரு பக்கம் சாய்வார்கள். ஒன்று தேநீர்ச் சடங்கில் புழங்கிய மண்கலங்கள்: மச்சா என்ற பச்சைத் தேயிலைத் தூளைக் கலக்கிக் குடிக்கும் சாவான் கிண்ணம், தூள் வைக்கும் சாயிரே குப்பி, தண்ணீர்ச் சாடி. மற்றது பௌத்த வழிபாட்டுப் பொருட்கள்: மரச்சிலை, வெண்கல மணி, வஜ்ரம் என்ற சடங்குக் கருவி, தூபக்கால், ஜெபமாலை. நான் இரண்டிலும் பணம் போட்டேன். இன்று வீட்டில் இருப்பவை கிண்ணங்கள் மட்டும்தான்.

அழகில் எது உயர்த்தி என்ற பேச்சுக்கு நான் வரவில்லை. இடமும் ஒரு பிரச்சினையே இல்லை, இரண்டும் அலமாரியில் ஒரு சாண் அகலம்தான் கேட்கும். விலையிலும் பெரிய வித்தியாசம் சொல்ல முடியாது. சந்தையில் இருபதாயிரம் யென்னுக்கு இரண்டுமே கிடைக்கும். உச்சியில் இரண்டுமே நமக்கு எட்டாது. பழைய காலத்துப் பெருஞ்சிற்பி உன்கெய் செதுக்கியதாகக் கருதப்படும் தைனிச்சி நியோராய் என்ற புத்தரின் மரச்சிலை 2008-இல் நியூயார்க் ஏலத்தில் 1.4 கோடி டாலருக்கு மேல் போனது. கிசாயேமொன் என்ற பெயர் பெற்ற கொரியக் கிண்ணம் தேசியப் பொக்கிஷமாகக் கியோத்தோவின் தைத்தொகுஜி கோயிலைச் சேர்ந்த கோஹோஅன்னில் இருக்கிறது. அதற்கு விலை என்ற பேச்சே கிடையாது.

பராமரிப்பில் வேறுபாடு உண்டு, ஆனால் கற்றுக்கொள்ளக் கூடியதுதான். தேநீர் ரசிகர்கள் 'முதலில் ராக்கு, இரண்டாவது ஹகி, மூன்றாவது கரட்சு' என்று மண்கல வகைகளுக்கு வரிசை சொல்வார்கள். இதில் என் கை போனது ஹகிக்கு. 1592-இல் ஜப்பான் கொரியா மீது தொடங்கிய படையெடுப்பின்போது கொண்டுவரப்பட்ட கொரியக் குயவர்கள் வளர்த்த தொழில் அது. இளகிய மண், மேலே கண்ணாடிப் பூச்சு, பூச்சு முழுக்க மயிரிழை விரிசல்கள். குடிக்கக் குடிக்கத் தேநீர் அந்த விரிசல்களில் இறங்கி, கிண்ணத்தின் நிறம் வருடக்கணக்கில் மெல்ல மாறும். 'ஹகியின் ஏழு மாற்றங்கள்' என்றே அதைச் சொல்வார்கள். பயன்படுத்தும் முன் வெதுவெதுப்பான நீரில் ஊற வைக்க வேண்டும், சோப்பு கூடாது, கழுவிய பின் நிழலில் பல நாள் காய வேண்டும். மேலே தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். முதல் வருடம் ஜூன் மழைக்காலத்தில் மூன்றே நாளில் எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் நனைந்த சாக்கு வாடை. அடிவளையத்தைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பூஞ்சை. பல தடவை வெந்நீரில் வைத்து எடுத்து, ஒரு மாதம் காற்றாட விட்ட பிறகுதான் வாடை போனது.

மரச்சிலைக்கு வேறு விதமான பாடு. அரக்கின் மேல் ஒட்டிய தங்க ரேக்கைத் துணியால் துடைக்கவே கூடாது. மென்மையான தூரிகையால் தூசி தட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பெரும்பாலான சிலைகள் ஒரே கட்டையில் செதுக்கியவை அல்ல, பல துண்டுகளை இணைத்தவை. குளிர்கால ஹீட்டரில் காற்று வறண்டால் பழைய வச்சிரப் பசை விட்டுப்போய் இணைப்புகள் வாய் பிளக்கும். ஈரம் கூடினால் வண்டு துளைக்கும். பீடத்தைச் சுற்றி மாவு போலத் தூள் கொட்டியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

இதெல்லாம் சமாளிக்கக் கூடியவை. என் முடிவைத் தீர்மானித்தது வேறு: பொருள் எங்கிருந்து வந்தது என்பதை அதுவே சொல்லுமா, சொல்லாதா?

கிண்ணம் சொல்லும். அதன் பெட்டி சொல்லும். நல்ல தேநீர்க் கிண்ணம் எதுவும் தனியாக வராது, கிரி மரப் பெட்டியில்தான் வரும். எடை குறைந்த மரம் அது, ஈரம் எளிதில் உள்ளே போகாது. செய்த குயவரே எழுதிக் கையெழுத்திட்ட பெட்டிக்குத் தொமோபாக்கோ என்று பெயர். பின்னால் வந்த தேநீர் ஆசானோ, அந்தக் குயவர் குடும்பத்தின் அடுத்த தலைமுறைத் தலைவரோ பார்த்து 'இது இன்னாருடையதுதான்' என்று உறுதி செய்து எழுதிய பெட்டி கிவமேபாக்கோ. எழுத்து ஏதும் இல்லாத கிண்ணமும், அதே தரத்தில் ஆசான் கையெழுத்தோடு வரும் கிண்ணமும் பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் ஐந்து மடங்கு விலை வித்தியாசத்தில் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

என் ஹகி கிண்ணத்தை 38,000 யென்னுக்கு வாங்கினேன். தட்டையாக நெய்த பருத்தி நாடாவை அவிழ்த்து மூடியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது மஞ்சள் துணி. நம் வீட்டு மஞ்சளேதான், பூச்சி அண்டாது என்று மஞ்சளில் தோய்த்த துணியில் பொருளைச் சுற்றி வைப்பது இங்கே பழைய வழக்கம். (இப்போது விற்கும் துணிகளில் பெரும்பாலும் சாயம்தான். என்னுடையதும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.) மூடியின் உட்புறத்தில் 'ஷிகுரே' என்று கிண்ணத்தின் பெயர், கீழே ஓர் ஆசானின் முத்திரைக் கையெழுத்து. ஷிகுரே என்றால் இலையுதிர்காலக் கடைசியில் சட்டென்று பெய்து ஓயும் தூறல். மழை நாளில் கிண்ணத்தைப் பார்த்தால் பெயர் ஏன் வந்தது என்று புரியும், சாம்பல் கலந்த இளஞ்சிவப்பில் ஒரு பக்கம் மட்டும் நனைந்தாற்போல இருண்டிருக்கும். துணிக்கு அடியில் நான்காக மடித்த ஒரு தாள். ஷோவா 12, அதாவது 1937 நவம்பரில் நடந்த ஒரு தேநீர் விருந்தில் என்ன சுருள் ஓவியம் மாட்டினார்கள், என்ன பூ வைத்தார்கள், எந்தக் கிண்ணத்தில் கொடுத்தார்கள் என்ற பட்டியல். அதில் ஷிகுரே இருக்கிறது. இன்னொருவர் கையிலிருந்து என் கைக்கு அது விரும்பிக் கொடுத்ததாகவே வந்திருக்கிறது என்பதற்கு இதைவிட எனக்கு என்ன வேண்டும்?

பெட்டியும் பொய் சொல்லும், அதையும் சொல்லியாக வேண்டும். ஒன்றின் பெட்டியில் இன்னொன்றை வைத்து விற்பது பழைய வித்தை, அவசேபாக்கோ என்பார்கள். கிண்ணத்தை உள்ளே வைத்து மெதுவாக அசைத்துப் பாருங்கள், சொந்தப் பெட்டி என்றால் துணியோடு சேர்த்துக் கச்சிதமாக உட்காரும். பெட்டியின் அடியில் அடிவளையம் காலங்காலமாக அழுத்திய தடம் இருந்தால், அந்த வட்டமும் கிண்ணத்தின் வளையமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். நிபுணர்களே ஏமாந்ததும் உண்டு. நகோயாவை அடுத்த சேத்தோவில் பிறந்த புகழ்பெற்ற குயவர் கதோ தொக்குரோ. 1294-ஆம் ஆண்டைக் குறிக்கும் எழுத்து பொறித்த ஒரு ஜாடி 1959-இல் முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. அதைச் செய்தது தானே என்று அடுத்த ஆண்டு அவர் சொன்னார், 1961-இல் அறிவிப்பு ரத்தானது. மண்கலத்தில் ஏமாற்று இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே ஏமாந்தால் போவது நம் பணம். சிலையில் அப்படியில்லை.

ஐந்து வருடம் முன்பு வேறோர் ஊர்ச் சந்தையில் கருணையின் போதிசத்துவரான கன்னோனின் 24 செ.மீ. உயரச் சிலை ஒன்றை 65,000 யென்னுக்கு வாங்கினேன். வலது கை மணிக்கட்டோடு இல்லை. முகத்தில் ஊதுவத்திப் புகை படிந்து கருத்திருந்தது. ஆடை மடிப்புகளுக்குள் மட்டும் தங்கம் தங்கியிருந்தது. தலைக்குப் பின்னால் பிரபை சொருகும் துளை மட்டும் காலியாக இருந்தது. அதன் எதிரே உட்கார்ந்தால் மனம் அடங்கும், அது உண்மை. நான்கு மாதம் கழித்து வீட்டுக்கு வந்த அலுவலகத் தோழர் ஒருவர், வயதில் மூத்தவர், சிலையைப் பார்த்ததும் கை கூப்பினார். பிறகு தயங்கி, "இதற்குக் கண் மூடும் பூஜை செய்தாகிவிட்டதா?" என்று கேட்டார்.

சிற்பி கண் திறக்கும் சடங்கு நமக்குத் தெரியும். இங்கும் அது உண்டு. கண் திறந்த சிலையை வழிபாட்டிலிருந்து விடுவிக்கும்போது அதற்கென்று தனிச் சடங்கு நடத்தி உயிரை எடுத்த பிறகுதான் அது வெறும் மரம். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிரவு முதல் முறையாகச் சிலையைக் கவிழ்த்து விளக்கடியில் பார்த்தேன். உடல் முழுக்கக் கருப்பு, அடிப்பாகம் மட்டும் வெளிறியிருந்தது. இழைப்புளி ஓடிய வரிகள் தெரிந்தன. சிலையின் அடியில் அல்லது உள்ளே மையால் கோயில் பெயரும் காணிக்கை கொடுத்தவர் பெயரும் எழுதுவது வழக்கம். அந்த இடத்தை யாரோ இழைத்து எடுத்திருக்கிறார்கள்.

விற்றவரிடம் போனேன். "கிராமத்து வீடு ஒன்றைக் காலி செய்தபோது வந்தது" என்றார். எந்த ஊர் என்றதற்குப் பதில் இல்லை.

உண்மையாகவும் இருக்கலாம். 1868-இல் மெய்ஜி அரசு ஜப்பானின் பூர்வ மதமான ஷின்தோவையும் பௌத்தத்தையும் பிரித்தபோது எத்தனையோ கோயில்கள் இடிக்கப்பட்டு, சிலைகள் எரிந்ததும் கைமாறியதும் நடந்தது. அவற்றுக்கெல்லாம் யார் காகிதம் எழுதி வைத்தார்கள்? இன்று கிராமங்கள் காலியாகின்றன, நகரத்துப் பிள்ளைகள் வீட்டு பூஜை மாடத்தைக் கலைக்கிறார்கள். நேர்மையாக வெளிவரும் சிலைகளும் ஏராளம். ஆனால் 2010, 2011 ஆண்டுகளில் வகயாமா மாகாணத்தில் பூசாரி இல்லாத சின்னக் கோயில்களில் சிலைகள் வரிசையாகத் திருடு போயின. அதற்குப் பிறகு அங்குள்ள மாகாண அருங்காட்சியகம், தொழிற்கல்விப் பள்ளி மாணவர்களைக் கொண்டு முப்பரிமாண அச்சில் நகல்கள் செய்து கோயில்களில் வைத்துவிட்டு, அசல்களைத் தன் பாதுகாப்பில் வைக்கிறது. 2012-இல் த்சுஷிமா தீவின் கன்னோன்ஜி கோயிலிலிருந்து கொரியாவுக்குக் கடத்தப்பட்ட சிலை, அங்கே நீண்ட வழக்குக்குப் பின் 2025-இல்தான் ஊர் திரும்பியது. ஸ்ரீபுரந்தான் நடராஜர் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் வரை போய் 2014-இல் திரும்பிய கதை தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெறிச்சோடிய கோயிலில் வெறும் பீடத்தைப் பார்த்து நிற்கும் கிழவி எந்த நாட்டில் இருந்தாலும் ஒன்றுதான்.

ஜப்பானிய சிவில் சட்டப்படி, திருட்டுப் பொருளைப் பறிகொடுத்தவர் இரண்டு ஆண்டுக்குள் திருப்பிக் கேட்கலாம். அந்தக் காலம் தாண்டினால் சட்டம் என்னை விட்டுவிடும். மனசாட்சி விடுமா? பண்பாட்டு முகமை வெளியிடும் காணாமல்போன சொத்துகளின் பட்டியலைப் பார்த்தேன், அதில் என் கன்னோன் இல்லை. அது அரசு அங்கீகரித்த பொருட்களுக்கான பட்டியல், கிராமத்துச் சிலைக்கு அதில் இடமில்லை. விற்றுவிடலாம் என்று மூன்று கடைகளில் காட்டினேன். இருவர் அடியைத் திருப்பிப் பார்த்ததும் வேண்டாம் என்றார்கள், மூன்றாமவர் 15,000 தருகிறேன் என்றார். அவரிடம் கொடுத்தால் அடுத்தவர் தலையில் கட்டியதாகும். கடைசியில் தோழருக்குத் தெரிந்த கோயில் ஒன்றில் ஒப்படைத்தேன். துறவி ஒரு மணி நேரம் சூத்திரம் ஓதி ஏற்றுக்கொண்டார். பணம் போனதில் வருத்தமில்லை. நான்கு மாதம் யாருடைய தெய்வத்தையோ அலமாரியில் வைத்திருந்தேனோ என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

கிண்ணத்தில் இந்த பாரம் இல்லை. அது கை மாறுவதற்காகவே பிறந்தது. நாளை நான் விற்றாலும் பெட்டியோடு, தாளோடு நல்ல விலைக்குப் போகும். ஒரே ஓர் எச்சரிக்கை சாயிரே குப்பிகளுக்கு: பழையவற்றின் மூடி பெரும்பாலும் யானைத் தந்தம், அடிப்புறம் தங்கத் தாள் ஒட்டியிருக்கும். தந்தம் நாடு விட்டு நாடு கொண்டுபோவது கடும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. ஊருக்குத் திரும்பும் எண்ணம் இருப்பவர்கள் குப்பி பக்கம் போகாமல் கிண்ணத்தோடு நிற்பது நல்லது.

வெண்கலப் பொருட்களில் என் அனுபவம் மெலிது. ஒரு வஜ்ர மணியும் ஒரு தூபக்காலும் சில மாதம் வைத்திருந்தேன், அவ்வளவே. சிலையைப் போலக் கண் திறந்தவை அல்ல என்பதால் மனபாரம் குறைவு. பச்சை படிந்திருந்தால் பாலிஷ் போட்டுத் தேய்க்காமல் விட்டுவிடுங்கள், அந்த மேற்பரப்பில்தான் அதன் வயது இருக்கிறது. இதற்கு மேல் சொல்லும் தகுதி எனக்கில்லை.

பௌத்தப் பொருள்தான் வேண்டும் என்பவர்களுக்கு நான் காட்டும் வழி ஹியாக்குமான்தோ. பேரரசி ஷோத்தொக்கு பத்து லட்சம் சின்ன மரக் கோபுரங்கள் செய்வித்து, 770-இல் பத்துக் கோயில்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். உயரம் சுமார் 21 செ.மீ. ஒவ்வொன்றின் உள்ளேயும் அச்சிட்ட மந்திரத் தாள், உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய அச்சுகளில் ஒன்று. ஹோர்யூஜி கோயில் தன்னிடம் இருந்தவற்றில் ஒரு பகுதியை 1908-இல் நன்கொடையாளர்களுக்குத் தானே வழங்கியது. கோயில் மனமுவந்து கொடுத்தது என்பதற்கு ஆவணம் உள்ள பௌத்தப் பொருளை நான் தயங்காமல் வாங்குவேன். போன மாதம் கியோத்தோவில் ஒரு கடையில் அப்படியொரு கோபுரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அடுக்குகளில் வெள்ளைப் பூச்சு தேய்ந்து கடைசல் வரிகள் தெரிந்தன. "பெட்டியும் தாளும் இருக்கிறதா?" என்று கேட்டேன். "இல்லை, அதனால்தான் பாதி விலை சொல்கிறேன்" என்றார் கடைக்கார அம்மா. நன்றி சொல்லி அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.