கெதார் வினைச்சொல்: ரொம்ப நாளா யூஸ் பண்றவனோட புலம்பல்

ஸ்பானிஷ் படிக்கிற ஃப்ரெண்டு ஒருத்தன், 'இரு'ங்கிறதுக்கு வர்ற ஸேர், எஸ்தார்ங்கிற ரெண்டு வினையும் முடிச்சாச்சு, அடுத்து கெதார்ல இறங்கலாமான்னு கேட்டான். மிச்சம் இருக்குறது, தங்குறதுன்னு அகராதில இருக்குறத விட்டுடுவோம், அது எல்லாருக்கும் தெரியும்.

என் கடுப்பு பூரா முன்னாடி வந்து உக்கார்ற அந்த 'மே' (என்னை, எனக்கு) மேலதான். 'கெதே கோன் ஆனா'ன்னா ஆனாவ மீட் பண்றதா பேசி வச்சிருந்தேன். 'மே கெதே கோன் ஆனா'ன்னா ஆனா கூடவே தங்கிட்டேன். வீட்டுக்காரி முன்னாடி இத மாத்தி சொல்லிப் பாரு, தெரியும்.

சரி, 'மே' வந்தா தங்குறதுன்னு வச்சுக்கலாமான்னா அதுவும் இல்ல, துணிக்கடைல 'மே கெதோ கோன் எஸ்தே'ன்னா இதையே எடுத்துக்கறேன், 'எஸ்தே மே கெதா பியென்'னா இது எனக்கு கரெக்டா இருக்கு, முதல்ல எழுவாய் நானு, ரெண்டாவதுல எழுவாய் சட்டை, ஆனா 'மே' என்னமோ அதே 'மே'தான். எனக்கு தெரிஞ்ச ஒரே வழி, மனசுக்குள்ள 'நான்'ங்கிறத 'அவன்'னு மாத்திப் பாக்கறது. முதல் 'மே' 'சே' (தன்னை) ஆயிடும், ரெண்டாவது 'லே' (அவனுக்கு) ஆயிடும், குட்டு வெளிப்பட்டுடும்.

நியாயமா சொல்லணும்னா அந்த 'லே' டைப் நமக்கு அல்வா மாதிரி. 'மே கெதான் தோஸ்'னா எனக்கு ரெண்டு மிச்சம் இருக்கு, அவ்ளோதான், இங்கிலீஷ் வழியா படிக்கறவங்கதான் 'எனக்கு' எங்கருந்து வந்துச்சுன்னு முழிப்பாங்க. மெக்ஸிகோல வேல முடிஞ்சா 'யா கெதோ'ன்னு ரெண்டே வார்த்த, கேக்கவே திருப்தியா இருக்கும். கொலம்பியால வழி கேக்கணும்னா 'தோந்தே கெதா', எங்க இருக்குன்னு அர்த்தம். ஸ்பெயின்ல 'கெதாமோஸ் ஆ லாஸ் ஓச்சோ'ன்னா எட்டு மணிக்கு வெளிய மீட் பண்ணலாம். அதே ஸ்பெயின்ல 2020 லாக்டவுன்ல 'கேதாதே என் காசா', வீட்லயே இருன்னு எங்க பாத்தாலும் அதான். வெளிய வான்னு கூப்பிடவும் இதே வினை, வராதன்னு சொல்லவும் இதே வினை, இத வச்சுக்கிட்டு மனுஷன் என்னதான் பண்றது!

இதுக்கு மேல ஸ்பெயினோட மேற்குல சலமான்கா, எஸ்த்ரெமதூரா பக்கம் போனா சாவிய வீட்ல விட்டுட்டு வந்துட்டேன்னு சொல்லவும் 'விடு'ங்கிறதுக்கு வழக்கமா வர்ற தேஹார் வினைய விட்டுட்டு கெதார போடுற ஆளுங்க இருக்காங்க. தினம் நூறு தடவ வாய்ல வருது, இது இல்லாம ஒரு நாள் ஓட்ட முடியாது. இருந்தாலும் என் ரேட்டிங் அஞ்சுக்கு ரெண்டுதான். நீ முதல்ல தேஹார படிடா.