மிட்ஜ் பூச்சி கட்ட இந்தக் கருவிப் பெட்டி போதுமா?

ட்ரவுட் மீனைப் பிடிக்கத் தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றிச் செய்யும் செயற்கைப் பூச்சிகளைக் கட்டத் தேவையான அனைத்தும் அடங்கியது என்று விளம்பரப்படுத்தப்பட்ட கருவிப் பெட்டி ஒன்றை இணையவழியே வெள்ளவத்தைக்கு வரவழைத்துப் பயன்படுத்தி வருகிறேன். பெரிய பூச்சிகளுக்கு இதில் குறைசொல்ல அதிகமில்லை. ஆனால் கொசுவைப் போன்ற மிகச் சிறிய பூச்சியான மிட்ஜைக் கட்ட விரும்புவோர் இதிலுள்ள, முள்ளைப் பிடித்துக்கொள்ளும் குறட்டையும் நூலையும் மாற்றியே ஆகவேண்டும்.

தூண்டில் முள்ளின் இலக்கம் கூடக்கூட முள் சிறுத்துக்கொண்டே போகும். 22ஆம் இலக்க முள் ஓர் அரிசிமணியின் நீளம்கூட இராது. இப்பெட்டியின் குறட்டுத் தாடைகள் நுனியில் தடித்திருப்பதால் முள்ளின் வளைவோடு தண்டின் பாதியையும் விழுங்கிவிடுகின்றன. நூலை இறுக்கினால் முள் மெல்லக் கீழே சாய்கிறது. நுனி மெலிந்த தாடைகள் கொண்ட குறட்டைத் தனியே வாங்குவதே நல்லது.

நூல் அதைவிட முக்கியம். மிட்ஜின் கூட்டுப்புழு நீரின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே தொங்கும் வேளையில்தான் ட்ரவுட் அதை நிதானமாக உறிஞ்சி உண்ணும். அந்தப் புழுவைப் போலச் செய்யும் 'சீப்ரா மிட்ஜ்' என்பது கறுப்பு நூலாலான உடல், அதன்மேல் வெள்ளிநிறக் கம்பிச் சுற்று, தலையில் ஒரு மணி, அவ்வளவுதான். பெட்டியில் வந்த தடித்த நூலைச் சுற்றினால் உடல் பருத்து, முள்ளின் கூருக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள குறுகிய இடைவெளி அடைபட்டு, மீனின் வாயில் முள் ஏறாமல் போகிறது. புறக்கோட்டையில் வாங்கும் சாதாரண தையல் நூலும் இதே காரணத்தால் உதவாது. 70 டெனியர் (நூலின் பருமனைக் குறிக்கும் அலகு) அல்லது அதனிலும் மெல்லிய நூலை எடுத்து, வலக்கையால் சுற்றுபவர் நூற்கட்டையைத் தாங்கும் பொபினை அவ்வப்போது இடஞ்சுழியாகச் சுழலவிட்டு முறுக்கைத் தளர்த்தினால், நூல் தட்டையாகப் படிந்து உடல் ஒல்லியாகவே அமையும்.

கம்பியும் கத்தரிக்கோலும் தரமானவை. மயிலிறகு இழைகளும் அடர்த்தியானவை. 1959இல் ட்ரவுட் அன்லிமிட்டெட் என்ற அமெரிக்க மீன்வளப் பாதுகாப்பு அமைப்பு உருவாகக் காரணமானவர்களுள் ஒருவரான ஜோர்ஜ் கிரிஃபித்தின் பெயரால் வழங்கும் 'கிரிஃபித்ஸ் நாட்' என்ற மிதக்கும் பூச்சியை இவற்றைக் கொண்டே கட்டினேன். மணிகள் சற்றுப் பெரியவை. 1.5 மில்லிமீற்றர் மணியைத் தனியே வாங்கி, முள்ளின் கூருக்குப் பின்னே நீட்டியிருக்கும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிய பின் கோர்க்கலாம்.

கடற்காற்று படும் வீடுகளில் முட்கள் விரைவில் துருப்பிடிக்கும் என்பதால், ஈரமுறிஞ்சும் பொட்டலத்தோடு இறுக மூடிய டப்பாவில் வைத்திருங்கள்.

பெட்டியில் தங்கூசி இல்லை. பிரித்தானியர் காலத்தில் ட்ரவுட் விடப்பட்ட நுவரெலியாப் பக்கத்துக் குளிர்ந்த ஓடைகளுக்கு, உரிய அனுமதியோடு இப்பூச்சிகளைக் கொண்டுசெல்வோர், கடல்மீனுக்கான தங்கூசியை நம்பிப் போகக்கூடாது. அது இந்த முள்ளின் கண்ணுக்குள் நுழையவே மாட்டாது. ஏறத்தாழ 0.10 மில்லிமீற்றர் விட்டமுள்ள 7எக்ஸ் தங்கூசியைப் பெட்டியோடு சேர்த்தே வரவழைத்துக்கொள்ளுங்கள்.