உப்புக்காற்றும் பழைய ஃபிரிட்ஜும்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் ஊர் தொடங்கி பாம்பன் தீவு வரை கடலை ஒட்டிக் குடியிருப்பவர்கள், வீட்டுச் சாதனங்களின் ஆயுளை உத்தரவாத அட்டையைப் பார்த்துக் கணக்கிட முடியாது. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோக அரிப்பை ஆராய்வதற்கென மண்டபத்தில் ஒரு சோதனை நிலையம் வைத்திருக்கிறது என்றால், இங்குள்ள காற்றின் தன்மையை வேறு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கடற்கரைக்கு நடந்து போகும் தொலைவிலுள்ள எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏ.சி. ஆகியவற்றைப் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பயன்படுத்தியதில் எனக்குத் தெளிவான செய்தி ஒன்று உண்டு. பழுது பார்ப்பதா, புதிதாக வாங்குவதா என்ற முடிவைப் பழுதுக்கான கூலி மட்டும் தீர்மானிப்பதில்லை. பழையதை வீட்டைவிட்டு வெளியேற்ற என்ன செலவாகிறது என்பதும் தீர்மானிக்கிறது. அந்தச் செலவு நம் கண்ணில் படாதபடி இருப்பதால்தான் நாம் அவசரப்பட்டு மாற்றிவிடுகிறோம்.

ஃபிரிட்ஜை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் எங்களுக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது அதுதான். மீனும் ஐஸும் எந்நேரமும் இருக்கும் வீட்டில் ஃபிரிட்ஜின் கதவு ஓயாமல் திறந்து மூடப்படும். ஆயினும் அதன் கம்ப்ரஸர் எளிதில் கெடவில்லை. கெட்டது உடம்புதான். பின்புறத்தின் அடித்தட்டு, கம்ப்ரஸரைத் தாங்கும் பட்டை, கால்கள் ஆகியவை துருப்பிடித்தன. பிறகு பக்கச் சுவருக்குள் ஓடும், வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சர் குழாயில் கசிவு ஏற்பட்டுக் குளிர் நின்றது. சுவருக்குள் ஃபோம் அடைத்திருப்பதால் அந்தக் குழாயைப் பிரித்து எடுக்க முடியாது என்றும், புதிதாக வாங்குவதே நல்லது என்றும் கடையில் சொன்னார்கள். எங்கள் பகுதி மெக்கானிக் வேறு வழி சொன்னார்: உள்ளிருக்கும் குழாயை அப்படியே துண்டித்துவிட்டு, பின்புறத்தில் வெளிக் கண்டென்சர் ஒன்றைப் பொருத்தி, ஃபில்டரை மாற்றி, கேஸ் நிரப்பலாம் என்றார். செய்தோம். அடித்தட்டைச் சுரண்டித் துரு தடுக்கும் பெயின்ட் அடித்து, கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்தோம். பெட்டி இன்றும் ஓடுகிறது. வெளிக் கண்டென்சர் பார்வைக்கு அழகாக இருக்காது. ஆனால் துரு பிடித்தால் கண்ணுக்குத் தெரியும், நன்னீர்த் துணியால் துடைக்கலாம் என்பதால் இந்தக் கரைக்கு அதுவே பொருத்தமானது என்பேன்.

அந்தச் சமயத்தில் எங்களை மாற்றத்தின் பக்கம் இழுத்தவை இரண்டு. ஒன்று, பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்ளும் எக்ஸ்சேஞ்ச். இன்னொன்று, வாசலுக்கே வந்து சில நூறு ரூபாய் கொடுத்து எடுத்துப் போகும் காயலான் கடைக்காரர். ஜப்பானில் 2001 முதல் நடப்பிலுள்ள சட்டப்படி, ஏ.சி., தொலைக்காட்சி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் ஆகியவற்றைக் கழிப்பவர் மறுசுழற்சிக் கட்டணமும் எடுத்துச் செல்லும் கூலியும் தாமே செலுத்த வேண்டும். கட்டணத்துக்கு அஞ்சி ஒதுக்குப்புறங்களில் போட்டுவிட்டுப் போவோர் அங்கும் உண்டு என்றாலும், கழிப்பதற்கு ஒரு விலை உண்டு என்பதை அந்த முறை ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிவித்துவிடுகிறது. நம் நாட்டில் பணம் எதிர்த்திசையில் வருகிறது. கழிப்பவருக்கே காசு கிடைக்கும்போது, பழுது பார்ப்பதற்கு ஆகும் கூலி மட்டும் பெரிதாகத் தெரிவது இயல்பே.

உண்மையில் செலவு இல்லாமல் போய்விடவில்லை. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகள், முன்பு 21 வகைகளாக இருந்த பட்டியலை 106 வகைகளாக விரித்து, மறுசுழற்சிப் பொறுப்பை உற்பத்தியாளர் மீது வைத்திருக்கின்றன. வீட்டு மின்சாதனங்களுக்கு மறுசுழற்சி ஆலைகள் பெற வேண்டிய குறைந்தபட்சத் தொகை கிலோவுக்கு 22 ரூபாய் என 2024-இல் வகுக்கப்பட்டது. 40 கிலோ எடையுள்ள ஃபிரிட்ஜுக்கு அது 880 ரூபாய். அந்தத் தொகை புதுப்பெட்டியின் விலைக்குள் அடங்கி நம்மிடமிருந்தே வரக்கூடியதுதான்; ஆனால் ரசீதில் தனி வரியாக இருப்பதில்லை. காயலான் கடைக்குப் போன பெட்டியோ அந்த ஆலையைச் சென்றடையும் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது. செம்பையும் இரும்பையும் பிரிப்பதற்காகக் குழாயை வெட்டினால் உள்ளிருக்கும் கேஸ் காற்றில் கலந்துவிடும். சற்றுப் பழைய பெட்டிகளிலுள்ள ஆர்-134ஏ வாயு, புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிடச் சுமார் 1,400 மடங்கு வலிமை கொண்டது; 100 கிராம் வெளியேறினாலே 140 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். விலை போகாத ஃபோமும் பிளாஸ்டிக்கும் சீமைக் கருவேலங் காட்டு ஓரங்களிலும் கண்மாய்க் கரைகளிலும் கிடக்கின்றன. தீவிலிருந்து பாம்பன் சாலைப் பாலத்தைக் கடந்து குட்டி யானை எனும் சிறு லாரியில் ஏற்றி அனுப்பும் வாடகையைக் கொடுத்து, விலையில்லாத ஃபோமை யாரும் கொண்டுபோக மாட்டார்கள். 1986-இல் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா அமைத்த மன்னார் வளைகுடாவின் கரையில் இதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

கழிவுக்கு விலை கிடைக்காவிட்டால் மக்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைப் பழைய டிவி காட்டுகிறது. 2006-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் வீடு வீடாக வந்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிகளின் படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. அவற்றிலுள்ள செம்புக் காயிலையும் போர்டையும் மட்டும் வாங்குவோர் உண்டு. கண்ணாடியைத் தொடுவார் இல்லை. ஆகவே பல வீடுகளில் அவை பரணிலேயே இருக்கின்றன, சில வீடுகளில் அவை ஓடிக்கொண்டும் இருந்தன. 2011-இல் தொடங்கிய திட்டத்தில் வந்த மிக்ஸியும் கிரைண்டரும் வேறு விதம். மோட்டார் புகைந்தால் காயில் கட்டிக் கொடுக்க ஊருக்கு ஊர் ஆள் உண்டு என்பதால், அவை கழிவாகாமல் நீடித்தன.

வாஷிங் மெஷினைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. முழுக்கப் பிளாஸ்டிக் உடம்புள்ள செமி ஆட்டோமேட்டிக் இந்தக் காற்றைத் தாங்கும். கெப்பாசிட்டர், பெல்ட், ஸ்பின் மோட்டார் என்று வரும் பழுதுகள் சிறியவை. தகர உடம்புள்ளதைக் கடலோரத்தில் வாங்க வேண்டாம்.

ஏ.சி.யில் மட்டும் என் முடிவு மாறுகிறது. செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டியிருக்கும் அவுட்டோர் யூனிட்டில் உப்பு ஈரம் படிந்தால் அலுமினியம்தான் முதலில் அரிபடும். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் பக்கத்தில் வைத்த எங்கள் யூனிட்டில் தகடுகள் கைபட்டாலே மாவாக உதிர்ந்தன. கசிவை அடைத்துக் கேஸ் நிரப்பினால், அடுத்த பருவத்தில் வேறோர் இடத்தில் கசியும். ஒவ்வொரு கசிவிலும் கேஸ் வெளியேறுவதால், இங்கே பழுது பார்ப்பதே கழிவைப் பெருக்குகிறது. அப்படிப்பட்டதை மாற்றிவிடுவதே சரி. மாற்றியபின் புது யூனிட்டைக் காற்றுக்கு மறைவான சுவரில் வைத்து, நன்னீரால் கழுவி வருகிறோம்; நிலைமை தேவலை.

புதிய ஃபிரிட்ஜ் மின்சாரத்தை மிச்சப்படுத்துமே என்று கேட்பவர்கள் உண்டு. அது நியாயமான கேள்விதான். ஆனால் 2016 முதல் இரண்டு மாதங்களுக்குக் குறைந்தது 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கும் தமிழ்நாட்டில், சிறு வீடுகளின் மின் கட்டணத்தில் அந்த மிச்சம் சிறு தொகையாகவே இருக்கும். பெரிய பெட்டி வைத்து ஏ.சி.யும் ஓட்டுபவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு.

நான் இப்போது பின்பற்றும் கணக்கு இது: பழுதுச் செலவு புதுப்பெட்டியின் விலையில் பாதியைத் தாண்டாதவரை பழுது பார்ப்பேன், எக்ஸ்சேஞ்ச் தொகையை அந்தக் கணக்கில் சேர்க்கவே மாட்டேன். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பழையதைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைத்ததற்கான சான்றைத் தரும் கடையில் மட்டுமே வாங்குவேன், விலை சற்றுக் கூடினாலும் சரி. இராமநாதபுரத்தில் ஒரு சேகரிப்பு மையமும், மாதம் ஒருமுறை தீவுக்கு வரும் வண்டியும் ஏற்பாடானால், பரணில் கிடக்கும் டிவிகளை முதலில் ஏற்றிவிடலாம்.