கல்லூரி ஆக்டிவ் டைரக்டரியும் என்ட்ரா கனெக்டும்: சில வருடப் பழக்கம்

மதுரை – திருமங்கலம் சாலையில் ஒரு கல்லூரியின் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். லேப் கணினிகளுக்குக் கல்லூரிக்கு உள்ளேயே ஆக்டிவ் டைரக்டரி, அதாவது லாகின் கணக்குகளையும் பாஸ்வேர்டுகளையும் வைத்திருக்கும் மைக்ரோசாஃப்ட் சேவை. மெயிலும் டீம்ஸும் கிளவுடில். நடுவில், உள்ளே இருக்கும் கணக்குகளைக் கிளவுடோடு ஒத்திசைக்கும் (சிங்க் செய்யும்) மைக்ரோசாஃப்ட் என்ட்ரா கனெக்ட். நாங்கள் போட்டபோது அதன் பெயர் அஸூர் ஏடி கனெக்ட், 2023-இல் பெயர் மாறியது. வேலை அதேதான்.

கணக்கு விவரங்கள் அரை மணிக்கு ஒரு முறை மேலே, கிளவுடுக்குப் போகும். பாஸ்வேர்டு மாற்றம் மட்டும் 2 நிமிடத்துக்கு ஒரு முறை. லேபில் மாற்றிய மாணவர் கேன்டீன் போய்ச் சேர்வதற்குள் மெயில் லாகினுக்கும் புது பாஸ்வேர்டு வேலை செய்யும். அந்த வகையில் குறையே சொல்ல முடியாது.

பெயர்கள்தான் பாடு. இங்கே வகுப்புக்கு வகுப்பு கார்த்திக்கும் மீனாட்சியும் உண்டு. பிரித்துக் காட்ட இனிஷியலை விட்டால் வேறு இல்லை. ஒரே மெயில் முகவரி இருவருக்கு விழுந்தால் இரண்டாவது கணக்கு போய்ச் சேரும், மோதுகிற முகவரியை மட்டும் ஒதுக்கி வைத்துவிடும். ‘எனக்கு மெயிலே வரல சார்’ என்று பிள்ளை வந்து நிற்கும்போதுதான் தெரியும். இப்போது பதிவு எண்ணே முகவரி. பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை, எங்களுக்கு நிம்மதி.

இன்னொன்று, சிங்க் ஆகாத ஓயூவுக்கு (கணக்குகளைப் பிரித்து வைக்கும் டைரக்டரி உட்பிரிவு) ஒரு கணக்கை நகர்த்தினால் கிளவுடில் அது அழிக்கப்பட்டதாகவே அர்த்தம். 30 நாளுக்குள் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தால் அடுத்த சிங்கில் மீண்டுவிடும். ஒரே மூச்சில் 500-க்கு மேல் அழிய இருந்தால் தானாக நிறுத்தும் தடுப்பும் உண்டு. ஆனால் எங்கள் ஒரு பேட்சே அவ்வளவு வராது. முழு பேட்சும் போனாலும் தடுப்பு அசையாது. பவர்ஷெல் என்ற விண்டோஸ் கட்டளைக் கருவியில் அந்த 500-ஐ 50 ஆக்கி வைத்திருக்கிறேன். சின்ன நிறுவனங்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

எனக்கு ஒப்பாத விஷயம் காலாவதித் தேதி. கௌரவ விரிவுரையாளர் கணக்குக்கு ஏப்ரல் 30 என்று போட்டால் லேப் லாகின் அன்றோடு நிற்கும். மெயில் ஓடிக்கொண்டே இருக்கும். பாஸ்வேர்டு ஹாஷ் சிங்க் (பாஸ்வேர்டுக்குப் பதில் அதன் உருமாற்றிய வடிவத்தைக் கிளவுடுக்கு அனுப்பும்) முறையில் அந்தத் தேதி மேலே போவதே இல்லை. கணக்கை டிசேபிள் செய்தால்தான் போகும். அதனால் தேதி முடிந்தவற்றை டிசேபிள் செய்ய ராத்திரி ஒரு ஸ்கிரிப்ட் ஓடுகிறது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள், இதே ஒத்திசைப்புக்கு மைக்ரோசாஃப்ட் தரும் இன்னொரு கருவியான கிளவுட் சிங்கைப் பாருங்கள். நம் பக்கம் ஓடுவது ஏஜென்ட் என்ற ஒரு சின்ன நிரல்தான், பராமரிப்பு குறைவு. கணினிகளையும் சிங்க் செய்ய வேண்டுமென்றால் மட்டும் அது உதவாது. நாங்கள் மாறாததற்கு அதுதான் காரணம்.