தவளை முத்திரை போட்ட வால்பாறைத் தேயிலை: மூன்று மாதம் குடித்த பிறகு

முதலில் டீயைச் சொல்லிவிடுகிறேன். சாயம் நன்றாக இறங்குகிறது. இரண்டு பேருக்கு ஒன்றரை டீஸ்பூன் போதும். பால் சேர்த்த பிறகும் மணம் நிற்கிறது. அதிகம் கொதிக்கவிட்டால் துவர்த்துவிடும். கொதி வந்ததும் இறக்கி, மூடிவைத்து, மூன்று நிமிடம் கழித்து வடிகட்டினால் சரியாக இருக்கும். வால்பாறை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் வாங்கினேன். 250 கிராம் 190 ரூபாய், வழக்கமாக வாங்கும் டஸ்ட் டீயைவிட 40 ரூபாய் அதிகம்.

பாக்கெட் மூலையில் இருந்த பச்சைத் தவளையைப் பார்த்துத்தான் அந்த 40 ரூபாயைக் கொடுத்தேன். அது ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் முத்திரை. காட்டையும் தொழிலாளர்களையும் காக்கும் விதிகளைப் பின்பற்றும் தோட்டங்களுக்கு அந்த அமைப்பு தரும் சான்று.

நான் வளர்ந்தது எஸ்டேட் பாடியில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். அம்மாவுக்குக் கொழுந்து பறிக்கும் வேலை, அப்பாவுக்குப் பூச்சிமருந்து அடிக்கும் வேலை. முகத்தில் ஒரு துண்டு, காலில் செருப்பு, அப்பாவுக்கு இருந்த பாதுகாப்பு அவ்வளவுதான். சாயங்காலம் அவர் சட்டையை அம்மா எங்கள் துணியோடு சேர்க்காமல் தனியாக ஊறவைப்பாள். எத்தனை முறை அலசினாலும் அந்த வாடை போகாது.

அதனால் முத்திரைக்கான விதிகளைத் தேடிப் படித்தேன். மருந்து அடிப்பவர்களுக்குப் பயிற்சியும் பாதுகாப்புக் கவசமும் தோட்டமே தர வேண்டும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 18 வயது ஆகாதவர்கள் யாரும் அந்த வேலை செய்யக் கூடாது. அடித்த இடத்துக்குள் குறிப்பிட்ட நேரம் கழியாமல் ஆள் போகக் கூடாது. வேட்டை கூடாது. 2014 ஜனவரி 1க்குப் பிறகு இயற்கைக் காட்டை அழித்துப் பயிர் வைத்த நிலத்துக்குச் சான்று கிடையாது.

இன்னொரு விதி எங்கள் ஊர்க்காரர்களுக்கு உடனே புரியும். ஓடைக் கரையில் இருக்கும் மரம் செடியை வெட்டாமல் விட வேண்டும். ஆனைமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஊர் வால்பாறை. தேயிலைக்கு நடுவே சோலைக்காடுகள் தீவு தீவாகத்தான் மிஞ்சியிருக்கின்றன. பகலில் யானைகள் ஆற்றோர மரங்களுக்குள்தான் ஒதுங்கி நிற்கும். கரை மொட்டையானால் அவை எங்கே போகும்? பாடி வழியாகத்தான். இருவாச்சிப் பறவைக்குக் கூடு வைக்கப் பெரிய மரப்பொந்து வேண்டும். புதுத்தோட்டம் எஸ்டேட்டில் இருக்கும் சிங்கவால் குரங்குகளுக்குக் கிளைக்குக் கிளை தாவ மரம் வேண்டும். யானை நடமாட்டத்தைச் சொல்லும் சிவப்பு விளக்குகள் முத்திரையால் வந்தவை அல்ல, இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை ஆட்களின் உழைப்பு அது. ஆனால் மரம் நின்றால்தான் அந்த உழைப்புக்கும் பலன்.

எனக்கு இரண்டு குறைகள் உண்டு. எந்த எஸ்டேட் தேயிலை என்று பாக்கெட்டில் இல்லை. கடைக்காரரிடம் கேட்டால், "எல்லாம் நம்ம மலைதாம்மா" என்கிறார். அதிகக் காசு கொடுக்கிறவர்களுக்கு அது தெரிய வேண்டாமா? அடுத்தது, முத்திரை விதிகளில் கூலி பற்றி இருப்பது. சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கட்டாயம். குடும்பம் கௌரவமாக வாழப் போதுமான கூலிக்கோ அதை நோக்கிப் போகும் திட்டத்தைத்தான் கேட்கிறார்கள். எனக்கு இது போதவில்லை. கொழுந்து பறிக்கிறவள் தன் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்ப இன்னும் கடன்தான் வாங்குகிறாள்.

சித்தி இப்போது சான்று வாங்கிய ஒரு தோட்டத்தில் வேலை பார்க்கிறாள். பாக்கெட்டைக் காட்டி, நிஜமாகவே ஏதாவது மாறியிருக்கிறதா என்று கேட்டேன். "மருந்து அடிக்கிறவங்களுக்கு கிளவுஸ், பூட்ஸ் எல்லாம் குடுக்கறாங்க. வெயில்ல போட்டுக்க முடியல, ஆனா குடுக்கறாங்க. அடிச்ச பக்கம் கொடி கட்டிடுவாங்க, நாங்க போக மாட்டோம்" என்றாள். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்கப்பா காலத்துல இது இல்லையே" என்றாள்.

இரண்டாவது பாக்கெட்டும் வாங்கிவிட்டேன். தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் எண்ணுக்கு எஸ்டேட் பெயரைக் கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே சேர்க்கிறேன்.