64 ஜிபி போனும் நான்கு வருடக் குப்பையும்

2021 ஜூலையில் வாங்கிய 64 ஜிபி ஆண்ட்ராய்டு போன் இது. நான்கு வருடம் தாண்டியும் இதைத்தான் வைத்திருக்கிறேன். திரையின் மூலையில் ஒரு கீறல் இருக்கிறது, பேட்டரி சாயங்காலம் வரை தாங்குவதில்லை. மற்றபடி வேகத்தில் குறை சொல்ல முடியாது. "உங்க போன்ல மட்டும் எப்படிக்கா இடம் இருக்கு?" என்று ஆபீஸில் கேட்கிறார்கள். அவர்களிடம் துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். செய்து பார்த்துக் கைவிட்டவையும் இதில் உண்டு.

நான் சிவகாசியில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் பார்ட்டிகளில் பாதிப் பேர் அச்சகம் வைத்திருப்பவர்கள். பில் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வரும். பர்ச்சேஸ் பில், இ-வே பில், பேங்க் ஸ்டேட்மெண்ட், சில சமயம் பில்லை மேஜையில் போட்டுச் சாய்வாக எடுத்த படம், அதன் மேல் பேனாவும் டீ டம்ளரும். ஆக, என் போன் நிரம்பினால் என் வேலை நிற்கும்.

நின்றது. 2022 டிசம்பர் 20, செவ்வாய்க்கிழமை. மாதாமாதம் 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள். டிசம்பர் என்றால் எங்கள் ஊர் அச்சகங்களுக்குக் காலண்டர் சீசன், பில் மழையாகக் கொட்டும். மாலை ஐந்து மணிக்கு ஒரு பார்ட்டி பதினொரு பில் அனுப்புகிறார், ஒன்றுகூடத் திறக்கவில்லை. இடமில்லை என்கிறது போன். அவருடைய ஆள் பில்லை நேரிலேயே கொண்டுவந்தார். படம் எடுக்கலாம் என்றால் கேமராவும் அதையே சொல்கிறது. பதற்றத்தில் நான்கைந்து ஆப்பை அழித்தேன், அதில் ஒன்று எனக்கு வேண்டியது. தாக்கல் ஒருவழியாக முடிந்தது. வீட்டுக்குப் போனதும் உட்கார்ந்து, இந்த 64 ஜிபியை யார்தான் தின்றார்கள் என்று பார்த்தேன்.

ஆப்கள் என்று நினைத்திருந்தேன், இல்லை. சிஸ்டத்துக்குப் போனதுபோக மீதியில் பெரும்பங்கு வாட்ஸ்அப் ஒன்றே, 19 ஜிபிக்கு மேல். நான் எடுத்த படங்கள் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. என் போனில் இருந்தவற்றில் பெரும்பாலானவை நான் கேட்காமல் வந்தவை.

கடவுள் படம் அச்சடித்தே பேர் வாங்கிய ஊர் எங்களுடையது. எங்களுக்குப் போய் தினமும் காலையில் முருகனையும் ரோஜாப்பூவையும் அனுப்பி வைக்கிறார்கள்! சொல்லப்போனால் இது எங்கள் குடும்பக் குழுவின் வியாதி மட்டுமில்லை. இந்தியாவில் போன்கள் ஏன் இப்படி நிரம்பி வழிகின்றன என்று கூகுள் ஆராய்ச்சியாளர்கள் தேடிப் போய், கடைசியில் குட் மார்னிங் படங்களில் முட்டிக்கொண்டதாக 2018 ஜனவரியில் செய்தி வந்தது. அதற்கு முந்தைய மாதம் அவர்கள் வெளியிட்ட ஃபைல்ஸ் கோ ஆப், அதாவது இப்போதைய ஃபைல்ஸ் பை கூகுள், அந்த மாதிரிப் படங்களைத் தனியாகப் பொறுக்கிக் கொடுக்கும் வேலையையும் செய்தது. நான் இன்றும் வைத்திருக்கும் ஒரே சுத்தம் செய்யும் ஆப் அதுதான். போனை வேகமாக்குகிறேன், சூட்டைத் தணிக்கிறேன் என்று விளம்பரத்தோடு வரும் மற்றவற்றில் இரண்டைப் போட்டுப் பார்த்தேன். அவை காலி செய்த இடத்தை அவற்றின் விளம்பரங்களே நிரப்பின.

முதலில் செய்தது வாட்ஸ்அப்பின் மேனேஜ் ஸ்டோரேஜ். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டாவுக்குள் இருக்கிறது. உள்ளே போனால் 5 எம்பிக்கு மேற்பட்டவை ஒரு பெட்டியிலும், பலமுறை ஃபார்வர்டு ஆனவை ஒரு பெட்டியிலும் இருக்கும். கீழே எந்தக் குழு எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பெரியதிலிருந்து வரிசையாகக் காட்டும். இரட்டை அம்புக்குறியோடு வருபவைதான் அந்தப் பலமுறை ஃபார்வர்டு ஆனவை, குறைந்தது ஐந்து கை மாறி வந்தவை. 2020 ஏப்ரலிலிருந்து அவற்றை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும். அதற்கெல்லாம் எங்கள் சித்தப்பா அசரவில்லை, பொறுமையாக ஒவ்வொரு குழுவாக அனுப்புகிறார். அந்தப் பெட்டியைத் திறந்து கூசாமல் மொத்தமாக அழிக்கலாம். அழிக்கும்போது அதன் எல்லாப் பிரதிகளையும் சேர்த்து அழிக்கும் தேர்வு வந்தால் அதையும் தொட்டுவிடுங்கள். ஒரே வீடியோ மூன்று குழுவில் வந்திருக்கும்.

அன்று இரவே 8 ஜிபி காலியானது. நான்கு மாதத்தில் 5 ஜிபி திரும்ப ஏறிவிட்டது. ஏனென்றால் கூட்டிப் பெருக்கினேனே தவிர வாசலைத் திறந்தேதான் வைத்திருந்தேன். அதற்கப்புறம்தான் தானாக இறங்குவதை நிறுத்தினேன். அதே ஸ்டோரேஜ் அண்ட் டேட்டாவில் மீடியா ஆட்டோ டவுன்லோடு என்று இருக்கும். மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங் மூன்றிலும் எல்லா டிக்கையும் எடுத்துவிட்டேன். இப்போது படங்கள் மங்கலாக வந்து நிற்கும், வேண்டியதைத் தொட்டால்தான் இறங்கும். வாய்ஸ் மெசேஜ் மட்டும் எப்படி வைத்தாலும் தானாக இறங்கிவிடும், அது போகட்டும். இதற்குச் செலவான நேரம் ஒரு நிமிடம். இந்த நான்கு வருடத்தில் அதிகப் பலன் தந்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஒன்றைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள், நானும் குழம்பினேன். மீடியா விசிபிலிட்டி என்று இன்னொரு தேர்வு உண்டு. அதை அணைத்தால் அதன் பிறகு வரும் வாட்ஸ்அப் படங்கள் கேலரியில் தெரியாது, அவ்வளவுதான். போனுக்குள் இருக்கத்தான் செய்யும். கேலரி சுத்தமானதைப் பார்த்து இடம் மிச்சமாகிவிட்டது என்று இரண்டு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன்.

இனி நான் பட்ட அடி. 2023 மே மாதம், வெறி பிடித்த மாதிரி சுத்தம் செய்துகொண்டிருந்தேன். ஃபைல் மேனேஜரில் வாட்ஸ்அப் ஃபோல்டருக்குள் நேரடியாகப் போய்விட்டேன். வாய்ஸ் நோட்ஸ் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் 202218, 202219 என்று எண் எண்ணாகக் குட்டி ஃபோல்டர்கள். வருடமும் அந்த வருடத்தின் எத்தனையாவது வாரமும் சேர்ந்த எண் அது. பழையதுதானே என்று ஒரு வருடத்துக்கானதைத் தூக்கிப் போட்டேன். அதில்தான் அம்மா நார்த்தங்காய் ஊறுகாய்ப் பக்குவத்தை ஏழு வாய்ஸ் மெசேஜாகச் சொன்னது இருந்திருக்கிறது. அடுத்த நார்த்தங்காய் வந்தபோதுதான் தெரிந்தது. வாட்ஸ்அப்பில் தொட்டால், அனுப்பியவரிடமே மறுபடி கேள் என்கிறது. கேட்டேன். "ஒரு தடவ சொன்னா வச்சுக்கத் தெரியாதாடி உனக்கு? உப்புல எத்தன நாள் ஊற வைக்கணும்னு அன்னைக்கே சொன்னேன்ல" என்று ஆரம்பித்தவர், பக்குவத்தை விட்டுவிட்டு என் சமையலைப் பற்றியே மூன்று மெசேஜ் போட்டார். அவற்றைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து வேண்டியதற்கு உடனே ஸ்டார் போட்டுவிடுகிறேன். ஓர் உரையாடலை மொத்தமாகக் காலி செய்யும்போது ஸ்டார் போட்டதை விட்டுவைக்கும் வசதி வாட்ஸ்அப்பில் இருக்கிறது. ஆபீஸ் பில்லைப் பொறுத்தவரை, இறக்கிய அன்றே கம்ப்யூட்டரில் பார்ட்டியின் பெயரிலுள்ள ஃபோல்டருக்குப் போய்விடும், போனில் நிற்காது. ஃபோல்டருக்குள் நேராகக் கைவிட்டு அழிப்பதை அடியோடு விட்டுவிட்டேன். ஒரு சின்ன உதவி: என் மாதிரி ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப்பில் வந்த படத்தின் பெயரில் தேதியை அடுத்து டபிள்யூ, ஏ என்ற இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். நாம் எடுத்த படத்தில் அது இருக்காது. ஃபைல் மேனேஜரில் இந்த இரண்டெழுத்தைத் தேடினாலே வந்ததும் எடுத்ததும் பிரிந்துவிடும்.

ஓடிபிகளும் விளம்பரக் குறுஞ்செய்திகளும் இடம் பிடிப்பவை இல்லை, கண்ணைப் பிடிப்பவை. கூகுள் மெசேஜஸில் ஓடிபிகளை 24 மணி நேரம் கழித்துத் தானாக அழிக்கும் வசதியைப் போட்டேன். பிறகு 1909க்கு ஆங்கிலத்தில் ஸ்டார்ட் 0 என்று அனுப்பி, விளம்பரம் வேண்டாம் என்பவர்களுக்கான டிஎன்டி பட்டியலில் பதிந்துகொண்டேன். லோன் வேண்டுமா என்பது முழுக்க நிற்கவில்லை, பாதிக்கு மேல் குறைந்தது. தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் 2025இல் விதியை மாற்றிய பிறகு அனுப்புபவர் பெயரின் கடைசியில் ஓர் எழுத்து வருகிறதைக் கவனித்திருப்பீர்கள். ஆங்கில எழுத்து P என்றால் விளம்பரம், திறக்காமலே தள்ளிவிடலாம். T என்றால் நாம் செய்த பணப் பரிவர்த்தனை மாதிரியானது, அதைப் பார்க்கத்தான் வேண்டும்.

கூகுள் போட்டோஸ் விஷயத்தில் எனக்கு அதிர்ஷ்டமில்லை. இலவசமாக எத்தனை படம் வேண்டுமானாலும் ஏற்றலாம் என்ற காலம் 2021 ஜூன் 1இல் முடிந்தது, நான் போன் வாங்கியது ஜூலையில். ஜிமெயில், டிரைவ், படங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான். 2024இல் வாட்ஸ்அப் பேக்கப்பும் அந்தக் கணக்கில் வந்து சேர்ந்துகொண்டது. அது நிரம்பினால் மெயில் வராது என்பது ஆடிட்டர் ஆபீஸ்காரிக்கு எவ்வளவு பெரிய கஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் வாட்ஸ்அப் பேக்கப்பில் வீடியோவைச் சேர்க்கவில்லை. போட்டோஸில் ஃப்ரீ அப் ஸ்பேஸ் என்பதைத் தொட்டால் மேலே, அதாவது கூகுள் கணக்கில், ஏறிவிட்ட படங்கள் போனிலிருந்து மட்டும் நீங்கும். அதை விட்டுவிட்டு ஒவ்வொரு படமாக டெலீட் அமுக்கினால் மேலே இருப்பதும் சேர்ந்து போகும். இந்த வித்தியாசத்தை என் நாத்தனாருக்குக் காதுகுத்துப் படங்கள் போன பிறகுதான் சொல்ல முடிந்தது. நல்லவேளை, மேலே ஏறிய படங்கள் குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும், மீட்டுவிட்டோம்.

ஆப்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போனோடு வந்து அழிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தவற்றில் ஒன்பதை முடக்கி வைத்தேன், எதுவும் கெட்டுப்போகவில்லை. பயன்படுத்தாத ஆப்பைத் தானாகச் சுருக்கி வைக்கும் வசதி 2023இல் பிளே ஸ்டோரில் வந்தது, அதையும் போட்டிருக்கிறேன். நம் விவரங்கள் அப்படியே இருக்கும், தொட்டால் ஆப் திரும்ப இறங்கும். ஆப் தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் கேஷை மட்டும் அழிப்பதில் பயமில்லை (கணக்கு எழுதுகிறவளுக்கு கேஷ் என்றால் வேறு ஞாபகம்தான் வருகிறது). ஆனால் பக்கத்திலேயே இருக்கும் ஸ்டோரேஜ் அல்லது டேட்டாவை அழி என்பதைத் தொட்டுவிட்டால் ஆப் பிறந்த குழந்தையாகிவிடும்.

அறிவிப்புகள்தான் மனதுக்குள் குப்பை சேர்ப்பவை. என் போன் ஆண்ட்ராய்டு 12ஓடு நின்றுவிட்டது. 13இலிருந்து புதிய ஆப் நம்மிடம் அனுமதி கேட்டுத்தான் அறிவிப்பு அனுப்ப முடியும், எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தொல்லை தரும் அறிவிப்பு வந்ததும் அதைத் தள்ளாமல், அழுத்திப் பிடித்து அங்கேயே அணைத்துவிடுவேன். மூன்று வாரம் விடாமல் செய்ததில் சத்தம் அடங்கிவிட்டது.

கைவிட்டவை என்றால், ஞாயிற்றுக்கிழமைதோறும் அரை மணி நேரம் சுத்தம் என்று ஆரம்பித்தது ஆறு வாரம்கூட ஓடவில்லை. ஞாயிறு என்றால் கறி எடுக்கவும் துணி துவைக்கவுமே சரியாக இருக்கிறது. முகப்புத் திரையில் ஒரே ஓர் ஆப் மட்டும் வைத்துப் பார்த்தேன், பேங்க் ஆப்பைத் தேடியே ஆயுள் போனது. ஸ்கிரீன்ஷாட்டுகளை வகைவாரியாகப் பிரித்து வைக்க ஃபோல்டர் போட்டேன், ஃபோல்டர்தான் இருக்கிறது. நான் நினைவு வைத்துச் செய்ய வேண்டிய எதுவும் என்னிடம் நிலைக்கவில்லை. ஒருமுறை அமைத்துவிட்டு மறந்துபோனவை எல்லாம் இன்றும் வேலை செய்கின்றன. ஸ்கிரீன்ஷாட்டுகளுக்கு மட்டும் ஒரு வழி கிடைத்தது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அந்த ஃபோல்டரைத் திறந்து வண்டி வரும்வரை அழிப்பேன். சில நாள் நாலு, சில நாள் நாற்பது, பஸ்ஸைப் பொறுத்தது.

இப்போது எப்போது பார்த்தாலும் 14, 15 ஜிபி காலியாக இருக்கிறது. குடும்பக் குழுவில் படம் அனுப்பாதீர்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை. சொல்லவும் கூடாது. சித்தப்பாவின் முருகன் வரவில்லை என்றால் அன்றைக்கு அவருக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று போன் போட்டுக் கேட்கும் அளவுக்கு ஆகிவிட்டது. படத்தைத்தான் இறக்குவதில்லை.

போன தீபாவளிக்கு முன் அண்ணன் வந்திருந்தார். "64லாம் ஒரு போனாம்மா, 256 வாங்கிடு, இந்தத் தொல்லையே இருக்காது" என்று அவர் வாங்கியபோது எனக்குப் புத்தி சொன்னவர். இப்போது அந்த 256ஐ என் கையில் கொடுத்து, "என்னமோ ஃபுல்னு காட்டுது, பாரேன்" என்றார். பழைய போனிலிருந்து எல்லாவற்றையும் அப்படியே இதற்கு மாற்றியிருக்கிறார். திறந்து மேனேஜ் ஸ்டோரேஜுக்குப் போனேன். பழையதிலிருந்து வரிசைப்படுத்தியதும் முதலில் வந்தது 2019 பொங்கல் வாழ்த்து. கீழே இறங்கினால் அதே பானை, அதே கரும்பு, இன்னும் மூன்று இடத்தில்.

"இத அழிச்சுடவா அண்ணே?" என்றேன்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஒண்ணு மட்டும் இருக்கட்டும்" என்றார்.